பொலிஸ் பலப்பிரயோகமும் சட்டப் பொறுப்பும்: முல்லோயா முதல் முற்றவெளி வரையும் அதன் பின்னும்

1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே, கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த தொழிலாளருள் ஒருவராகிய கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி உயிரிழந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்து, 1974ஆம் ஆண்டின் அதே ஜனவரி 10ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால், நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சிக்குக் கூடியிருந்த மக்கள்மீது பொலிசார் பலத்தைப் பிரயோகித்தனர். ஒன்பது பேர் மாண்டனர். திகதி ஒன்றாயமைந்தது தற்செயலே. அதிலிருந்து வரலாற்றுப் பொருள் எதனையும் பெற இயலாது. ஆயின் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்து நிகழ்ந்தவற்றை ஒப்புநோக்கும்போது, தற்செயல் என்று கூற முடியாத ஒரு தொடர்ச்சி தென்படுகின்றது. முன்னைய நிகழ்ச்சி மலையகத் தோட்டமொன்றிற் குடியேற்ற ஆட்சியின் கீழ் நடந்தது; பின்னையது வடபுல நகரமொன்றிற் சுதந்திர ஆட்சியின் கீழ் நடந்தது. இரண்டிலும் பலப்பிரயோகத்துக்கான பொறுப்பு ஆராயப்பட்ட களம் குற்றவியல் நீதிமன்றமன்று, விசாரணைக் குழுவே.

பொலிஸ் உத்தியோகத்தரின் பலப்பிரயோகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் இலங்கையில் எந்தக் காலத்திலும் இல்லாமலிருந்ததில்லை. அவ்வாறிருந்தும் அச்சட்டம் ஏன் பெரும்பாலும் செயலிழந்து நின்றது? எவ்வெவ் வழிகளால் அது செயலிழக்கச் செய்யப்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஏட்டுச் சட்டம்

இலங்கைப் பொலிஸ் சேவையின் சட்ட அடிப்படை 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டமாகும். இச்சேவை உருவாக்கப்பட்டபோது இலண்டன் மாநகரக் காவலரைவிட அயர்லாந்தின் ஆயுதந்தரித்த காவற்படையே முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. மக்களிடையே மக்களுள் ஒருவனாக நின்று காவல் புரிபவன் என்ற எண்ணக்கருவுக்கும், ஆளப்படும் மக்களை அடக்கி வைத்திருப்பவன் என்ற எண்ணக்கருவுக்குமிடையில் உள்ள வேறுபாடு இத்தொடக்கத்திலேயே புலனாகின்றது.

எனினும் ஏட்டிலுள்ள சட்டம் பொலிசாருக்கு வரையறையற்ற அதிகாரத்தை வழங்கவில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி, கொலை, காயம் விளைத்தல் ஆகிய குற்றங்களைச் செய்பவர் சீருடை அணிந்தவரா அன்றா என்ற வேறுபாடின்றி வரையறுத்தது. பொதுச் சேவையாளர் ஒருவர் தமக்குச் சட்டம் அளித்த அதிகாரத்தை நல்லெண்ணத்துடன் மீறி மரணம் விளைவிப்பாராயின், அது கொலைக் குற்றத்தினின்றும் குறைந்த குற்றமாகக் கொள்ளப்படலாமேயன்றிக் குற்றமே அன்றென ஆகிவிடாது. குற்ற ஒப்புதலைப் பெறும் பொருட்டு ஒருவரைத் துன்புறுத்துதல் தனிக் குற்றமாக்கப்பட்டது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாகாது என விதித்தது. தம் பொலிசார் ஒப்புதல்களை எவ்வாறு பெறக்கூடும் என்பதை அந்நியச் சட்டவாக்குநர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இவ்விதியே சான்று.

குற்றவியல் நடவடிக்கைச் சட்டத்தின் ஏற்பாடுகளும் இத்தகையனவே. கைதுசெய்யும்போது, மரண தண்டனைக்குரிய குற்றஞ் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமை எவருக்குமில்லை. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்குமாறு ஆணையிடும் அதிகாரம் நீதவானுக்கும், பரிசோதகர் தரத்திற் குறையாத பொலிஸ் உத்தியோகத்தருக்கும் உண்டு. அவ்வாணை மீறப்படின் நியாயமான அளவு அவசியமான பலத்தையே பிரயோகிக்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் இவ்விதிகளைப் பேணியுள்ளது.

ஆனால் இதே சட்டத்தில் மற்றொரு கதவும் உண்டு. கூட்டங் கலைக்கும் செயலொன்றுக்காக ஒருவர்மீது வழக்குத் தொடர்வதாயின் சட்டமா அதிபரின் அனுமதி வேண்டும். நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயலுக்குப் பாதுகாப்பும் உண்டு. தனியார் ஒருவர் நீதவானிடம் முறையிடலாமெனினும், பாரதூரமான குற்றங்களிற் குற்றப்பகர்வு சட்டமா அதிபருக்கே உரியது. சட்டமா அதிபரோ அரசாங்கத்தின் சட்ட ஆலோசகருமாவார். ஆகவே பொலிஸ் உத்தியோகத்தரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதா இல்லையா என்ற தீர்மானம், அவ்வுத்தியோகத்தரைப் பணிக்கு அனுப்பிய அரசின் ஓர் அங்கத்திடமே தங்கியிருந்தது. பின்வரும் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்வமைப்பை மனத்திலிருத்தல் அவசியம்.

ஆங்கிலச் சட்ட மரபிலும் இம்முரண்பாடு காணப்படாமலில்லை. 1893ஆம் ஆண்டு யோர்க்ஷயரின் பெதர்ஸ்டன் என்னுமிடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தகராறு ஒன்றின்போது படையினர் சுட்டதனால் இருவர் இறந்தனர். அதனை விசாரித்த போவன் பிரபுவின் குழு, படைவீரனுக்குச் சட்டத்தின் முன் சாதாரண குடிமகனுக்கில்லாத தனித் தகுதி எதுவுமில்லை என்ற கோட்பாட்டை வலியுறுத்தியது. அதே வேளையில் சுட்டமை நியாயமானதே எனவும் முடிவுசெய்தது. கோட்பாடு குடிமகனின் பக்கமும் தீர்ப்பு துப்பாக்கியின் பக்கமும் நின்ற நிலைமைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

2. 1915: பொறுப்பினின்றும் விடுவிக்கும் சட்டம்

1915ஆம் ஆண்டு சிங்கள - முஸ்லிம் கலவரத்தை அடக்கும் பொருட்டுத் தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தினார். கலவரம் தணிந்த பின்னரும் அச்சட்டம் நீடித்தது. இராணுவ நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தன. எட்வேட் ஹென்றி பேதிரிஸ் 1915 ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். நீதிமன்ற விசாரணை எதுவுமின்றியே பொலிசாராலும் படையினராலும் ஐரோப்பியத் தொண்டர்களாலும் சுடப்பட்டு இறந்தோர் வேறு.

சாதாரண சட்டத்தின்படி இம்மரணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே விளக்கம் வேண்டி நின்றன. அவ்விளக்கம் கோரப்படுவதற்குமுன் அரசு முந்திக்கொண்டது. அவ்வாண்டிலேயே பிறப்பிக்கப்பட்ட காப்பீட்டுக் கட்டளை, கலவரத்தை அடக்குவதற்காக நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயல்களுக்காக எவர்மீதும் வழக்குத் தொடரலாகாது என விதித்தது. சட்ட நிரூபண சபையிற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அரசின் அடக்குமுறையை வன்மையாகக் கண்டித்தார். 1916இல் இலண்டனில் வெளியிடப்பட்ட அவரது நூல் அக்கால நிகழ்ச்சிகளுக்கு இன்றும் முக்கியமான ஆவணமாகும். கண்டனம் பதிவாயிற்று, தேசாதிபதியும் மாற்றப்பட்டார். ஆனால் நீதிமன்றக் கதவு மூடியபடியே இருந்தது.

பொறுப்பினைத் தவிர்க்கும் வழிகளுள் இது முதலாவது. குற்றம் நிகழ்ந்த பின்னர் சட்டத்தையே பின்னோக்கி மாற்றி, குற்றம் நிகழவில்லை என்றாக்குவது. சுதந்திர இலங்கை இவ்வழியை மறக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. 1940: முல்லோயா

1930களின் இறுதியிலே தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்க இயக்கம் வேகமாக வளர்ச்சியுற்றது. 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி தோட்டங்களிலே சங்கம் அமைக்க முற்பட்டது. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. தோட்டம் அந்நாளில் வெளியாருக்கு மூடப்பட்ட ஓர் இராச்சியம். துரையின் அனுமதியின்றி உள்ளே செல்லும் சங்க அமைப்பாளர்மீது அத்துமீறிப் பிரவேசித்த குற்றஞ் சுமத்தலாம். தொழிலாளி குடியிருக்கும் லயம் துரையின் சொத்து. வேலை இழந்தவன் குடியிருப்பையும் இழந்தான். இத்தகைய ஓரிடத்துக்குப் பொலிசார் வரும்போது அவர்கள் இரு தரப்புக்கும் நடுவே நிற்கும் காவலராக வருவதில்லை. ஒரு தரப்பின் அழைப்பின்பேரில் வருபவராகவே தொழிலாளரின் கண்களுக்குத் தோன்றினர்.

முல்லோயாத் தொழிலாளர் கோரியது நாளொன்றுக்குப் பதினாறு சதக் கூலி உயர்வு. அவ்வேலைநிறுத்தத்தின்போதே கோவிந்தன் சுடப்பட்டார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகியாக அவர் இன்றும் நினைவுகூரப்படுகின்றார். ஜனவரி 10ஆம் திகதி மலையகத் தியாகிகள் தினமாகக் கொள்ளப்படுவதும் அவர் பொருட்டே.

தொழிற்சங்கக் கிளர்ச்சியின் நெருக்குதலால் விசாரணை ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவியின் சார்பிற் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி, பொலிசாரினதும் தோட்ட நிருவாகத்தினதும் நடத்தையை வெளிக்கொணர்ந்தார். தோட்டத் தொழிலாளியொருவரின் விதவைக்காகச் சட்டத்தரணியொருவர் எழுந்து பொலிசாரைக் குறுக்கு விசாரணை செய்தது அக்காலத்திற் சிறிய விடயமன்று. வாக்குமூலம் அளிப்பவராகவும் குற்றஞ் சாட்டப்பட்டவராகவும் மட்டுமே நீதிமன்றத்தை அறிந்திருந்த ஒரு மக்கட் பிரிவு, வினா எழுப்பும் தரப்பாக முதன்முறையாக அமர்ந்தது எனலாம்.

ஆயின் ஆணைக்குழு நீதிமன்றமன்று. அது உண்மையைக் கண்டறிந்து அறிக்கையிடலாம். தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. நட்டஈடு கோரி முடிக்குரிய அரசின்மீது வழக்கிடவும் அவ்விதவைக்கு வழியிருக்கவில்லை. தீங்கியல் வழக்குகளில் முடியைப் பொறுப்பாளியாக்க இலங்கைச் சட்டம் அக்காலத்தில் இடமளிக்கவில்லை. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் மூலமே அந்நிலை மாறியது. தனிப்பட்ட முறையிற் சார்ஜன் ஒருவர்மீது வழக்கிடலாம் என்பது ஏட்டளவில் உண்மையாயினும், லயத்தில் வாழும் விதவையொருவருக்கு அவ்வுரிமையின் பயன் யாது என்பதைக் கூறவேண்டியதில்லை.

முல்லோயா விவகாரம் வேறொரு திசையிலும் வளர்ந்தது. வேலைநிறுத்தம் தொடர்பாகத் தொழிலாளர்மீது பொலிசார் தொடுத்திருந்த வழக்குகளை, ஆணைக்குழு விசாரணை முடியும் வரை ஒத்திவைக்குமாறு கோரும்படி உள்நாட்டு அலுவல்கள் அமைச்சர் சேர் டி. பி. ஜயதிலக பொலிஸ் மா அதிபர் பாங்ஸைப் பணித்தார். பொலிஸ் மா அதிபர் இணங்கவில்லை. தேசாதிபதி சேர் அன்ட்ரூ கல்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கமே நின்றார். டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி பொலிஸ் திணைக்களம் அமைச்சரின் கீழிருந்தது. சட்ட அலுவல்களோ மக்களால் தெரியப்படாத சட்டச் செயலாளரின் கீழிருந்தன. இம்முரண்பாடு முற்றி அமைச்சர்கள் 1940இற் பதவி துறந்தனர். பேச்சுவார்த்தைகளின் பின்னரே மீண்டும் பதவியேற்றனர்.

அரசியல் வரலாற்று நூல்களில் முல்லோயா பெரும்பாலும் இவ்வமைச்சர் நெருக்கடியின் பெயராகவே இடம்பெறுகின்றது. கோவிந்தனின் மரணம் ஓர் அடிக்குறிப்பாகிவிட, பொலிசாருக்கு ஆணையிடும் உரிமை அமைச்சருக்கா தேசாதிபதிக்கா என்பதே முதன்மைப் பிரச்சினையாகக் காட்டப்படுகின்றது. அப்பிரச்சினை அற்பமானதன்று. பொலிசாருக்கு யார் ஆணையிடுவது என்பதும், அவர்கள் யாருக்குப் பதில் சொல்வது என்பதும் தொடர்புடைய வினாக்களே. ஆனால் அவை ஒன்றல்ல. 1940இல் நிகழ்ந்த விவாதம் முதலாவது வினாவைச் சுற்றியே அமைந்தது. சுதந்திரத்துடன் அவ்வினாவுக்கு விடையுங் கிடைத்தது. பொலிசாரின் கட்டுப்பாடு தேசாதிபதியிடமிருந்து அமைச்சரிடம் கைமாறியது. இரண்டாவது வினாவை எவரும் முறையாக எழுப்பவேயில்லை. ஆணையிடும் கை மாறியமையே பொறுப்புக் கூறலாகிவிடும் என்ற மயக்கத்துடனேயே நாடு சுதந்திரமடைந்தது.

4. 1974: முற்றவெளி

1974 ஜனவரி 3ஆம் திகதி தொடங்கிய தமிழாராய்ச்சி மாநாட்டின் ஆய்வரங்குகள் அமைதியாகவே நடந்தேறின. 10ஆம் திகதி பொதுமக்களுக்கான நிகழ்ச்சி. திரண்டு வந்த மக்களை மண்டபம் கொள்ளாமையால் மேடை வீரசிங்கம் மண்டபத்தின் வெளியே அமைக்கப்பட்டது. கூட்டம் வீதியிலும் முற்றவெளியிலும் பரந்திருந்தது. தமிழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் நைனா முகம்மது உரையாற்றிக்கொண்டிருந்த வேளையிலே பொலிசார் கூட்டத்தினுட் புகுந்தனர். குண்டாந்தடி, கண்ணீர்ப்புகை, துப்பாக்கி ஆகியன பயன்படுத்தப்பட்டன. மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. மாண்ட ஒன்பது பேரிற் பெரும்பாலானோர் மின்சாரந் தாக்கியே இறந்தனர்.

இவ்விடத்தில் சட்டம் எழுப்பும் வினாக்கள் தெளிவானவை. அது சட்டவிரோதக் கூட்டமா? கலைந்து செல்லுமாறு முறைப்படி ஆணையிடப்பட்டதா? தமிழறிஞர் ஒருவரின் உரையைக் கேட்டுக்கொண்டு நிலத்தில் அமர்ந்திருந்தோரைக் கலைப்பதற்கு எவ்வளவு பலம் அவசியமாயிருந்தது? மின்கம்பியினால் நேர்ந்த மரணங்களுக்கு விபத்து என்ற பெயர் பொருந்துமா, அல்லது அவை பலப்பிரயோகத்தின் எதிர்பார்க்கத்தக்க விளைவுகளா? இவை யாவும் குற்றவியல் நீதிமன்றமொன்றிற் சாட்சியத்தின்மூலம் தீர்க்கப்படக்கூடிய வினாக்கள்.

அரசாங்கம் ஆணைக்குழு எதனையும் நியமிக்கவில்லை. 1940இற் குடியேற்ற ஆட்சி செய்த அளவைக்கூட 1974இன் மக்களாட்சி செய்ய முன்வரவில்லை. இந்நிலையில் யாழ்ப்பாணப் பிரஜைகள் குழு தானே ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர்களான ஓ. எல். டி கிறெற்சர், வி. மாணிக்கவாசகர் ஆகியோரும் ஆயர் சபாபதி குலேந்திரனும் அதில் இடம்பெற்றனர். அமைதியாகக் கூடியிருந்த மக்கள்மீது பொலிசார் அவசியமின்றித் தாக்குதல் நடத்தினர் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

சாட்சிகளை அழைக்கும் சட்ட அதிகாரமோ ஆவணங்களைப் பெறும் அதிகாரமோ இன்றி, குடிமக்கள் தாமே நீதிபதிகளைத் தேடிச் சென்று விசாரணை நடத்துவித்தமை வரலாற்றிற் சிந்தனைக்குரிய நிகழ்ச்சியாகும். அரசு தன் கடமையைக் கைவிட்டபோதும் மக்கள் சட்டத்தைக் கைவிடவில்லை. சாட்சியம், குறுக்கு விசாரணை, காரணங்கூறும் தீர்ப்பு என்பனவற்றில் அவர்களுக்கு அப்பொழுதும் நம்பிக்கை இருந்தது. அவ்வறிக்கையின்மீது அரசு நடவடிக்கை எடுத்திருப்பின் அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கும் என்பதை இன்று ஊகிக்கவே முடியும். இளைஞர் பலர் சட்டத்தினின்றும் முகந்திருப்பியமைக்குக் காரணங்கள் பலவாயினும், நினைவுத்தூண்கள் மட்டும் எழுந்து குற்றப்பத்திரம் எழாமற்போன இந்நிகழ்ச்சி அவற்றுள் ஒன்று என்பதை மறுத்தல் அரிது.

இதே காலப்பகுதியிற் சட்டம் செயற்பட்ட ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது கதிர்காமத்தில் பிரேமாவதி மனம்பேரி என்ற இளம்பெண் படையினராற் சுடப்பட்ட வழக்கிலே, இராணுவ அதிகாரியொருவரும் அவருக்குக் கீழ்ப்பட்டவர் ஒருவரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். மேலதிகாரியின் ஆணை என்ற எதிர்வாதம் 1973இல் மேன்முறையீட்டிலும் பயன்படவில்லை. அவர்கள் படையினரேயன்றிப் பொலிசார் அல்லர் எனினும், இத்தீர்ப்பு ஒன்றை நிறுவுகின்றது. இலங்கைச் சட்டத்துக்கு ஆயுதந்தரித்த உத்தியோகத்தரைத் தண்டிக்கும் ஆற்றல் இல்லை என்பது பொய். வழக்குத் தொடரும் விருப்பம் இருந்தவிடத்து அந்த ஆற்றல் வெளிப்பட்டது. ஆகவே குறைபாடு சட்டத்தின் சொற்களில் இல்லை.

5. 1978 - 1988: உரிமையும் பதவி உயர்வும்

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஒரு புதிய வழியைத் திறந்தது. 11ஆம் உறுப்புரை சித்திரவதையையும் கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தையையும் தடைசெய்தது. 126ஆம் உறுப்புரையின்படி, உரிமை மீறப்பட்டவர் ஒரு மாத காலத்துள் நேரடியாக உயர் நீதிமன்றத்தை நாடலாம். சட்டமா அதிபரின் அனுமதி வேண்டியதில்லை. 1940இலும் 1974இலும் இல்லாதிருந்த ஒரு கதவு இது.

அக்கதவினூடாகச் சென்ற முதல் வழக்குகள் சிலவற்றுக்கு நேர்ந்ததை நோக்குவோம். 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பின்போது பிக்குகளினதும் பிற மதகுருமாரினதும் அமைப்பொன்றின் துண்டுப்பிரசுரங்களைப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் கைப்பற்றினார். கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 1983 பெப்ரவரியிற் தீர்ப்பளித்து 10,000 ரூபா நட்டஈடு விதித்தது. அடுத்த மாதமே அமைச்சரவை அவ்வுத்தியோகத்தருக்குப் பதவி உயர்வளித்து, நட்டஈட்டைப் பொதுப் பணத்திலிருந்து செலுத்தத் தீர்மானித்தது.

1983 மார்ச் 8ஆம் திகதி, அனைத்துலக மகளிர் தினத்தன்று, அமெரிக்கத் தூதரகத்தில் மனுவொன்றைக் கையளித்துவிட்டு வந்த பெண்களைப் பொலிசார் தடுத்தனர். முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர் விவியன் குணவர்தன கொள்ளுப்பிட்டிப் பொலிஸ் நிலையத்தில் தள்ளி வீழ்த்தப்பட்டுத் தாக்கப்பட்டார். ஜூன் 8ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவரது உரிமை மீறப்பட்டதெனக் கண்டு 2,500 ரூபா வழங்குமாறு அரசைப் பணித்தது. சம்பந்தப்பட்ட உப பரிசோதகருக்கு உடனடியாகவே பதவி உயர்வு கிடைத்தது. ஜூன் 11ஆம் திகதி, தீர்ப்பளித்த நீதியரசர்களின் வீடுகளின் முன் காடையர் கூடி வசைபாடினர். உதவி கோரிய தொலைபேசி அழைப்புக்குப் பொலிசாரிடமிருந்து பதில் கிடைக்கவில்லை. பொலிசாரின் மனவுறுதியைப் பேணுவதற்காகத் தாமே அப்பதவி உயர்வுக்கு ஆணையிட்டதாக ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன, அனைத்துலகச் சட்ட வல்லுநர் ஆணைக்குழுவின் சார்பில் வந்த போல் சீகார்ட்டிடம் கூறினார்.

மனவுறுதி என்ற இச்சொல் ஆராயத்தக்கது. சட்டத்தை மீறியவர் தண்டிக்கப்பட்டாற் பொலிசாரின் மனவுறுதி குன்றும் என்பது, சட்டத்தை மீறுதல் பொலிஸ் கடமையின் ஒரு பகுதியே என்பதை ஏற்றுக்கொள்வதாகும். சட்டத்தை மதித்து நடந்த உத்தியோகத்தரின் மனவுறுதியைப் பற்றி இவ்வாதத்தில் யாரும் எண்ணிப்பார்க்கவில்லை.

நட்டஈட்டின் இயல்பும் கவனிக்கத்தக்கது. அரசு அதனைச் செலுத்தும்போது உண்மையில் அதனைச் செலுத்துபவர் குடிமகனே. தாக்கப்பட்டவரும் தன் வரிப்பணத்தில் ஒரு பங்கை அதற்கு அளிக்கின்றார். தாக்கியவரோ அடுத்த படிக்கு உயர்கின்றார். உரிமை நிலைநாட்டப்படும் வழக்கிலேயே பொறுப்பு நழுவிச் செல்லும் விந்தை இது.

ஒருபுறம் இக்கதவு திறந்திருக்க, மறுபுறம் வேறு கதவுகள் அடைக்கப்பட்டன. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவி அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலைச் சான்றாக்கியது. அது விருப்பத்துடன் அளிக்கப்படவில்லை என நிரூபிக்கும் சுமையைக் குற்றஞ் சாட்டப்பட்டவர்மீதே சுமத்தியது. 1895இல் அந்நிய ஆட்சி பொலிசார்மீது வைத்திருந்த ஐயத்தைச் சுதேச ஆட்சி நீக்கிவிட்டது. 1983 ஜூன் 3ஆம் திகதிய அவசரகால ஒழுங்குவிதி 15அ, மரண விசாரணையின்றியே சடலங்களை அடக்கஞ் செய்யவோ தகனஞ் செய்யவோ அனுமதித்தது. மரண விசாரணை என்பது இறந்தவரின் சார்பிற் கேட்கப்படும் முதல் வினா. அவ்வினா கேட்கப்படாதவிடத்து ஏனைய வினாக்கள் எழ இடமில்லை.

1915இன் வழியும் மீண்டது. 1977 ஆகஸ்ட் வன்செயல்களை முன்னாட் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையிலான ஆணைக்குழு விசாரித்து 1980இல் அறிக்கையிட்டது. பொலிசாரின் நடத்தையும் அவ்விசாரணையில் ஆராயப்பட்டது. 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் காப்பீட்டுச் சட்டமோ, துல்லியமாக அதே ஆகஸ்ட் மாதத்தில், ஒழுங்கை நிலைநாட்டவென நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயல்களுக்காக உத்தியோகத்தர்மீது வழக்குத் தொடர்வதைத் தடுத்தது. 1988இல் அதன் காலவெல்லை அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் திகதி வரை நீட்டப்பட்டது. ஒரு மாதத்துக்கென இயற்றப்பட்ட விதிவிலக்கு பதினொரு ஆண்டுகளை விழுங்கிற்று. தெற்கில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர் கொல்லப்பட்ட காலத்தின் ஒரு பகுதியும் இதனுள் அடங்கும். ஓர் இனத்தின்மீது பிரயோகிக்கப்பட்டபோது பொறுத்துக்கொள்ளப்பட்ட விதிவிலக்கு அவ்வினத்தோடு நின்றுவிடாது என்ற உண்மையை இது புலப்படுத்துகின்றது.

6. பின்னைய வளர்ச்சிகள்

1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கி, ஏழு ஆண்டு முதற் பத்தாண்டு வரையிலான சிறைத் தண்டனையை விதித்தது. 2001இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு வழிவகுத்தது. 2003இல் உயர் நீதிமன்றம், பொலிஸ் காவலில் இறந்த ஒருவரின் மனைவி தொடர்ந்த வழக்கில், வாழும் உரிமை அரசியலமைப்பில் உட்கிடையாக உள்ளதென ஏற்றது. 1940இல் ஒரு விதவைக்குக் கிட்டாத வழி 2003இல் மற்றொரு விதவைக்குத் திறந்தது. அறுபத்து மூன்று ஆண்டுகள் சென்றன.

இம்முன்னேற்றங்களைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் சித்திரவதைச் சட்டத்தின் கீழ்த் தண்டனை பெற்றோர் மிகச் சிலரே. ஆளடையாளத் தவறினால் 2002இல் வத்தளையிற் கைதாகி வதைக்கப்பட்ட ஒருவர் உயர் நீதிமன்றத்தில் வெற்றி பெற்றார். குற்றவியல் வழக்கிற் சாட்சியமளிக்கவிருந்த நிலையில் 2004 நவம்பரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 மே 30ஆம் திகதி கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில் ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் இளந்தொழிலாளி ஒருவர் இறந்தார். சட்டமூலம் மீளப்பெறப்பட்டது, பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார், ஓய்வுபெற்ற நீதிபதியொருவர் விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். முல்லோயாவை அறிந்தோருக்கு இவ்வொழுங்கு புதிதன்று. 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் குளப்பிட்டியில் உயிரிழந்தபோது, அது முதலில் வீதி விபத்தாகவே கூறப்பட்டது. துப்பாக்கிச் சூடு வெளிப்பட்ட பின்னரே பொலிசார் ஐவர் கைதாயினர். மரண விசாரணையும் சட்ட வைத்திய பரிசோதனையும் ஏன் இன்றியமையாதன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து, பொலிஸ் பலப்பிரயோகத்துக்கான சட்டப் பொறுப்பு மூன்று வழிகளால் தட்டிக்கழிக்கப்பட்டமை தெளிவாகும். முதலாவது, காப்பீட்டுச் சட்டம். அது வழக்கையே இல்லாமற் செய்கின்றது. இரண்டாவது, ஆணைக்குழு, அது வழக்கின் இடத்தை அறிக்கையால் நிரப்புகின்றது. மூன்றாவது, பொதுப் பணத்திற் செலுத்தப்படும் நட்டஈடு; அது உரிமையை ஏற்றுக்கொண்டே உத்தியோகத்தரை விடுவிக்கின்றது. மூன்றுக்கும் பொதுவானது ஒன்றே: சுட்டவர் அல்லது தாக்கியவர் ஒரு குடிமகனாகக் குற்றவியல் நீதிமன்றத்தின் முன் நின்று விளக்கமளிக்கும் நிலை எழுவதில்லை.

ஆணைக்குழுக்களும் அடிப்படை உரிமை வழக்குகளும் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. கொல்வின் ஆர். டி சில்வா முல்லோயாவில் எழுப்பிய வினாக்களும், டி கிறெற்சர் குழு திரட்டிய சாட்சியங்களும் இல்லாவிடின் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. ஆனால் அவை நீதியின் தொடக்கங்களாக அமைய வேண்டியவை. அவற்றையே முடிவாக்கியதிற்றான் அரசின் சாமர்த்தியம் அடங்கியிருந்தது.

இந்நிலை மாறவேண்டுமாயின், பொலிசார்மீது வழக்குத் தொடரும் தீர்மானம் அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரிடமிருந்து வேறாக்கப்படல் வேண்டும். பொலிசாரின் செயலைப் பொலிசாரே புலனாய்வு செய்யும் முறை ஒழிதல் வேண்டும். பலப்பிரயோகத்தினால் நேரும் ஒவ்வொரு மரணத்துக்கும் விதிவிலக்கின்றி மரண விசாரணை நடைபெறல் வேண்டும். குற்றங் காணப்பட்ட உத்தியோகத்தரின் சொந்தப் பையும் பதவியும் அதன் விளைவை உணர்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் புரட்சிகரமான கோரிக்கையன்று. 1883இல் எழுதப்பட்ட சட்டத்தை எழுதியபடியே பிரயோகிக்குமாறு கேட்பதே இது. கோவிந்தனின் மனைவி ஆணைக்குழுவின் முன் கேட்டதும், முற்றவெளியில் உறவுகளை இழந்தோர் கேட்டதும் இதனின் வேறல்ல.